அஞ்சாதவளுக்கு வந்த அச்சம்: மாதவிடாய் நிற்கும் வயதில் மனப்பதற்றம்



பெண்களின் உடல்நலம் சார்ந்து எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று இந்த உரைக்கான அழைப்பில் குறிப்பிட்டிருந்தார்கள். மகப்பேறு பற்றியும் மார்பகப் புற்றுநோய் பற்றியும் பேச இன்று ஆட்கள் இருக்கிறார்கள். அது நல்ல வளர்ச்சி. நாற்பதைக் கடந்த ஒரு பெண்ணின் நெஞ்சில், இன்ன காரணம் என்று சொல்ல முடியாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் பயத்தைப் பற்றிப் பேச ஆட்கள் மிகக் குறைவு. மனநல மருத்துவராக நான் அதிகம் பார்க்கும் துயரங்களில் அது ஒன்று. சரியாகக் கையாண்டால் பெரும்பாலும் தணிந்துவிடக்கூடியதும்கூட. அதனால்தான் அதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பெண்கள் யாரும் முதலில் என்னிடம் வருவதில்லை. நெஞ்சு படபடப்பு என்று இதய மருத்துவரிடம் போயிருப்பார்கள். வயிற்றைப் பிசைகிறது என்று எண்டோஸ்கோப்பி எடுத்திருப்பார்கள். கை நடுங்குகிறது என்று நரம்பு மருத்துவரிடம் காட்டியிருப்பார்கள். இடையில் ஒரு கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியிருப்பார்கள். ஈசிஜி, எக்கோ, ஸ்கேன் என்று ஒரு கட்டுக் காகிதம் கையில் இருக்கும். எல்லாவற்றிலும் "நார்மல்" என்றே எழுதியிருக்கும். என்ன செய்கிறது என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது. போன் அடிச்சாலே யாருக்கு என்ன ஆச்சோன்னு வயித்தைக் கலக்குது. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல. முன்னெல்லாம் நான் இப்படி இல்ல டாக்டர்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் மருத்துவர்கள் கவனிக்கத் தவறுகிறோம். அதில் இருக்கும் உண்மையை உறுதிப்படுத்தும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 'ஸ்வான்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு, 42 முதல் 52 வயது வரையிலான 3,302 பெண்களை 1996-97இல் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. காரணமற்ற எரிச்சல், மனத்தில் இறுக்கம், இதயம் வேகமாக அடித்தல், காரணமில்லாத பயம் என்ற நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஜாய்ஸ் பிராம்பர்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட முடிவு இதுதான்: இயல்பாகவே பதற்றம் மிகுந்த பெண்கள் மாதவிடாய் நிற்கும் காலத்திலும் பதற்றத்தோடுதான் இருந்தார்கள், அவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அதுவரை பதற்றம் என்றால் என்னவென்று அறியாத பெண்களுக்கே, அந்தக் காலத்தில் புதிதாகப் பதற்றம் மிகும் வாய்ப்பு கூடியது. அந்த ஆய்வில் இந்தியப் பெண்கள் சேர்க்கப்படவில்லை. ஆகவே அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனாலும் என் அறையில் நான் கேட்பதற்கும் அந்த முடிவுக்கும் உள்ள ஒற்றுமையை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. கணவர் குடித்துவிட்டு வந்தபோதும் நடுங்காதவர், மாமியாரின் பக்கவாதத்தை ஆண்டுக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொண்டவர், சுய உதவிக் குழுவின் கடன் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தவர், ஒருநாள் பேருந்தில் ஏறப் பயப்படுகிறார். வீட்டார் நம்ப மறுக்கிறார்கள். "உனக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் அவரை அதிகம் காயப்படுத்துகிறது. தன் குணமே கெட்டுவிட்டதாக, தான் கோழையாகிவிட்டதாக அவர் நினைத்துக்கொள்கிறார்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்வதே பாதி மருத்துவம் என்பது என் நம்பிக்கை.

பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால், அது நின்றுவிட்டது என்று மருத்துவம் சொல்கிறது. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலை நாடுகளில் 51. ஆனால் தொந்தரவு தொடங்குவது நின்ற பிறகு அல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. சில மாதம் இருபது நாளில் வரும், சில மாதம் நாற்பது நாள் தள்ளிப்போகும், திடீரென்று ஒரு மாதம் ரத்தம் கொட்டித் தீர்க்கும். இந்த இடைக்காலத்தில்தான் மனப்பதற்றமும் மிகுதி. "எனக்குத்தான் இன்னும் வந்துட்டிருக்கே, அதனால இது அது இல்ல" என்று பெண்களும் நினைக்கிறார்கள். பல மருத்துவர்களும் அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 45 வயதைத் தாண்டிய பெண்ணிடம் இந்த அறிகுறிகளும் மாதவிடாய் ஒழுங்கின்மையும் சேர்ந்து இருந்தால் அதுவே போதுமான ஆதாரம். இந்த வயதில் எப்எஸ்எச் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டிய தேவை இல்லை என்பது பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2015 முதல் கூறிவரும் வழிகாட்டுதல். அந்த ஹார்மோன் அளவு நாளுக்கு நாள் மாறுவதால், ஒருநாள் எடுத்த பரிசோதனை தவறான ஆறுதலையும் தரலாம்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இந்தக் காலத்தில் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தாறுமாறாக ஏறி இறங்குகிறது. சில வாரங்களில் இளம்வயதில் இருந்ததைவிடக் கூடுதலாகவும் இருக்கும். மின்னழுத்தம் நிலையாகக் குறைந்திருக்கும் வீட்டில் விளக்கு மங்கலாக எரியும், அவ்வளவுதான். மின்னழுத்தம் ஏறி ஏறி இறங்கும் வீட்டில்தான் கருவிகள் பழுதாகின்றன. மூளைக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே. மனநிலையைச் சீராக வைத்திருக்கும் செரட்டோனினின் வேலையில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. அது நிலைகொள்ளாமல் ஆடும்போது மனமும் ஆடுகிறது. எல்லோருக்கும் அல்ல, இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காத மூளை அமைப்பு உள்ளவர்களுக்கு.

புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கருமுட்டை வெளிப்படாத மாதங்கள் கூடக்கூட அதன் அளவு ஈஸ்ட்ரோஜனுக்கும் முன்பே சரிகிறது. அது உடலில் சிதைந்து அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாகிறது. இந்தப் பொருள் மூளையில் 'காபா' ஏற்பிகளில் போய் அமர்ந்து அமைதியைத் தருகிறது. கடையில் வாங்கும் தூக்க மாத்திரையும் பதற்ற மாத்திரையும் வேலை செய்வது இதே ஏற்பிகளில்தான். ஆக, உடல் தானே தயாரித்துக்கொண்டிருந்த அமைதி மருந்து குறைந்துபோகிறது. இதை விளக்கிச் சொன்னதும், "அப்ப நான் பைத்தியம் ஆகலையா டாக்டர்?" என்று கண்ணீரோடு கேட்டவர்கள் பலர்.

அடுத்தது, இந்த வயதில் திடீரென்று உடலில் ஏறும் சூடு. நம் உடலின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி மூளையின் அடித்தளத்தில், ஹைப்போதலாமஸில் இருக்கிறது. வழக்கமாக உள்வெப்பம் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் அது பொருட்படுத்தாது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இந்தச் சகிப்பு எல்லை குறுகிவிடுகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் ஃப்ரீட்மன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டினார். மிகச் சிறிய வெப்ப மாற்றத்துக்குக்கூட உடல் அபாயமணி அடித்து, ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டுகிறது, இதயமும் வேகமெடுக்கிறது. அந்த இடத்தில் உள்ள ஒருவகை நரம்பணுக்கள் இந்த வயதில் பருத்துப்போவதை நேயோமி ரான்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அந்த வழியில்தான் ஃபெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மருந்து பிறந்து, 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நம் ஊரில் இந்தச் சூட்டைக் கண்டுபிடிப்பது கடினம். அக்னி நட்சத்திரத்தில் எல்லோருக்கும்தானே வேர்க்கிறது? "வெயில் அப்படி" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நான் மார்கழியைப் பற்றிக் கேட்பேன். வீட்டில் எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்கும்போது நீங்கள் மட்டும் விசிறியை வேகமாக வைக்கச் சொல்கிறீர்களா? நள்ளிரவில் ரவிக்கை நனைந்து எழுகிறீர்களா? அங்கே விடை கிடைத்துவிடும்.

சூடும் பயமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. சூடு ஏறும்போது இதயம் வேகமாக அடிக்கிறது. அடிப்பதை உணர்ந்ததும் "மாரடைப்போ" என்ற பயம். பயத்தில் அட்ரினலின் சுரந்து மேலும் அடிக்கிறது, மேலும் வியர்க்கிறது. ஃபிலடெல்பியாவில் எலன் ஃப்ரீமன் தலைமையில் 436 பெண்களை ஆறு ஆண்டுகள் கவனித்த ஆய்வில், பதற்றம் மிகுந்தவர்களுக்குப் பின்னால் சூடு வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடியிருந்தது தெரியவந்தது. அந்தச் சூடுதான் விடியலுக்கு முன் உறக்கத்தை உடைக்கிறது. உறக்கம் உடைந்த மறுநாள் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரிகிறது. இந்த வட்டத்தை எந்த இடத்தில் அறுத்தாலும் மற்ற இடங்கள் தளரும். சிகிச்சை நன்றாக வேலை செய்வதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு கேள்வி வரும். நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் இருந்ததா? மானிடவியலாளர் மார்ச்சா ஃப்ளிண்ட் 1975இல் எழுதிய கட்டுரையை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசப் பகுதிகளின் ராஜபுத்திரப் பெண்கள் 483 பேரிடம் பேசியதாகவும், மாதவிடாய் ஒழுங்கின்மை தவிர வேறு பெரிய தொந்தரவை அவர்கள் சொல்லவில்லை என்றும் அவர் எழுதினார். மாதவிடாய் நின்றதும் முக்காடு தளர்கிறது, ஆண்கள் அமரும் இடத்துக்கு வந்து பேச முடிகிறது, மதிப்புக் கூடுகிறது. ஆகவே அவர்களுக்கு அது பரிசு, மேலைநாட்டுப் பெண்ணுக்கோ தண்டனை என்பது அவர் வாதம். எனக்கு இந்தக் கட்டுரையின் மீது மரியாதை உண்டு. ஒரு மாற்றத்துக்குச் சமூகம் என்ன பொருள் தருகிறதோ அது உடலின் வேதனையைக் கூட்டும், குறைக்கும். ஆனால் சொல்லாததை இல்லாதது என்று எடுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. நம் பெண்கள் "பயமா இருக்கு" என்று சொல்ல மாட்டார்கள். "உடம்பெல்லாம் வலிக்குது, அசதியா இருக்கு, நெஞ்சு அடைக்குது" என்பார்கள். மாமியார் முன்னிலையில், கணவர் பக்கத்தில் நிற்க, வெளியூர்க்காரர் ஒருவர் கேட்கும் கேள்விக்கு வரும் பதில் வேறு. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பெண் மருத்துவர் பொறுமையாகக் கேட்கும்போது வரும் பதில் வேறு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை நடந்திருக்கிறது. மனநல மருத்துவர் கிரேப்பெலின் காலத்து ஜெர்மானிய மனநல மருத்துவம் இந்த வயதின் மனத்துயருக்குத் தனி நோய்ப்பெயரே வைத்தது. மாதவிடாய் நிற்கும் பெண் என்றாலே மனம் கெட்டவள் என்ற எண்ணம் பாடநூல்களில் பல பத்தாண்டுகள் இருந்தது. அமெரிக்க மனநலக் கையேட்டின் 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பெயர் நீங்கியது. நீங்கியது சரிதான். அதோடு சேர்த்து இந்த வயதுக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் பலர் முடிவு கட்டிவிட்டார்கள், அது சரியல்ல.

எல்லாவற்றையும் மாதவிடாய்க் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தைராய்டு மிகுந்தாலும் இதே படபடப்பு, இதே வியர்வை, இதே கை நடுக்கம். அதிக ரத்தப்போக்கால் வரும் சோகையும் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் எட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பதற்ற மாத்திரை எழுதிக்கொடுப்பது அநியாயம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை குறைந்தும் இதே நடுக்கம் வரும். அப்போது விரலில் குத்திப் பார்ப்பதே முதல் வேலை. இதயம் பற்றியும் ஒரு எச்சரிக்கை உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறுகிறது; அது பெண்களிடம் மூச்சிரைப்பாகவும் தாங்கமுடியாத அசதியாகவும் வாந்தி உணர்வாகவும் வரலாம். பதற்றத் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் வடியும். ஆனால் மாடிப்படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் குறைகிற நெஞ்சு இறுக்கம், தாடைக்கும் கைக்கும் பரவும் வலி, உடல் சில்லிட்ட வியர்வை இவற்றுக்கு யோசிக்காமல் ஈசிஜி எடுக்க வேண்டும். "மெனோபாஸ்மா, போய்ப் படுங்க" என்று சொல்லிவிடக் கூடாது.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் நம் நாட்டில் இந்தப் பதற்றத்தின் ஒரு பகுதி அறுவை அரங்கில் உண்டாக்கப்படுகிறது. நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16இல் முதன்முறையாக இதைக் கேட்டது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். ஆந்திரத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர், தெலங்கானாவில் எட்டுப் பேருக்குச் சற்றுக் குறைவு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிடாய் நாட்களில் கூலி போகிறது என்பதால் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றல்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்குமுன் இரண்டு சினைப்பைகளையும் இழந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக வருவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வால்டர் ரோக்காவின் குழு 2008இல் பதிவு செய்தது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும், அவை வழக்கத்தைவிட முன்னதாகவே ஓய்ந்துபோவதுண்டு. மாதவிடாய் என்ற அடையாளமும் இல்லாததால் அது யாருக்கும் தெரிவதில்லை. 38 வயதில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "இனிமே தொல்லை இல்லம்மா" என்று அனுப்பப்பட்ட பெண், ஆறு மாதம் கழித்து உயிர் பதைக்க என் முன்னால் உட்காரும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தடையேதும் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை அவருக்கு ஈஸ்ட்ரோஜன் தரப்பட வேண்டும். எலும்புக்காகவும், இதயத்துக்காகவும், மனத்துக்காகவும். அறுவைக்கு முன்பே இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சினைப்பையை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

இனி சிகிச்சை. ஹார்மோன் மாத்திரை என்றதும் புற்றுநோய் வரும் என்ற பயம்தான் முதலில் எழுகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 2002 ஜூலையில், 'பெண்கள் நல முன்முயற்சி' என்ற அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. 16,608 பெண்கள் கலந்துகொண்ட அந்தப் பகுதியில், ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனான புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டுப் பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள்; பக்கவாதமும் ரத்தக் கட்டும் சற்றுக் கூடின. செய்தி உலகம் முழுக்கப் பரவி, ஹார்மோன் சிகிச்சை ஒரே ஆண்டில் சரிந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது செய்தியோடு சேர்ந்து பரவவில்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து மருந்தைத் தொடங்கியவர்கள் அவர்களில் பெரும்பாலோர். கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. இன்று ஏற்கப்பட்டுள்ள நிலை இது: அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருக்கும், வேறு தடை இல்லாத பெண்ணுக்குச் சூடும் வியர்வையும் கடுமையாக இருந்தால், நன்மை பெரும்பாலும் அபாயத்தைவிட அதிகம். கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் எடுத்தே ஆக வேண்டும். தோலில் தடவும் ஜெல்லில் ரத்தக் கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர், ரத்தக் கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர் இந்த வழிக்குப் போகக் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மகளிர் நல மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை பதற்றத்துக்கான நேரடி மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். சூடும் தூக்கமின்மையும் பதற்றத்தைத் தூண்டுகிறவர்களுக்கு அது நன்றாக உதவுகிறது. சூடே இல்லாமல் பயம் மட்டும் இருப்பவருக்கு நான் வேறு வழியில் தொடங்குவேன்.

அந்த வேறு வழிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை அளிப்பது பேச்சு வழியான அறிதல்-நடத்தைச் சிகிச்சை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைரா ஹன்ட்டர் இதை மாதவிடாய் நிற்கும் பெண்களுக்கென்றே வடிவமைத்தார். 2012இல் வெளியான ஆய்வில் 140 பெண்கள். சிலர் குழுவாக உட்கார்ந்து கற்றார்கள், சிலர் கையேட்டை வீட்டில் படித்துத் தாமே செய்தார்கள். இரு தரப்பாருக்கும், எதுவும் பெறாதவர்களைவிடச் சூட்டின் தொல்லை வெகுவாகக் குறைந்தது. கற்றுத்தருவது என்ன? சூடு ஏறும்போது மனத்தில் ஓடும் எண்ணத்தைப் பிடிக்க வேண்டும். "எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க", "இப்பவே மயங்கி விழுந்துடுவேன்" என்ற எண்ணத்தைக் காகிதத்தில் எழுதி, இதுவரை எத்தனை முறை அப்படி விழுந்திருக்கிறேன் என்று தன்னையே கேட்க வேண்டும். வயிறு அசைய நிதானமாக மூச்சுவிட்டு, வருவது வரட்டும், சில நிமிடத்தில் போய்விடும் என்று அதைக் கடக்கவிட வேண்டும். பயந்து ஒதுங்கிய இடங்களுக்கு, பேருந்துக்கு, ரேஷன் கடை வரிசைக்கு, கல்யாண மண்டபத்துக்கு, படிப்படியாகத் திரும்பிப் போக வேண்டும். கையேடே போதும் என்ற முடிவு நமக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று எண்ணிப்பாருங்கள். மனநல மருத்துவர் இல்லாத ஒன்றியத்திலும் ஒரு செவிலியர் இதைச் சொல்லித்தர முடியும்.

மருந்து தேவைப்படுபவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் பதற்றத்தைக் குறைக்கின்றன. சூட்டையும் ஓரளவு தணிக்கின்றன என்று 2011இல் அமெரிக்காவில் 205 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. குறைந்த அளவில் தொடங்க வேண்டும். முதல் வாரம் பதற்றம் சற்றே கூடலாம், குமட்டலாம். பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்சிஃபென் எடுப்பவருக்குப் பராக்சிட்டினும் ஃப்ளூவாக்சிட்டினும் கூடாது. அந்த மருந்தின் வேலையை அவை கெடுக்கும். வென்லாஃபாக்சின் அவர்களுக்குப் பொருத்தமானது.

அல்பிரசோலாம் என்ற பதற்ற மாத்திரை பற்றி என்ன சொல்ல? கால் மில்லிகிராம் சின்ன மாத்திரை. போட்ட அரை மணியில் அமைதி வருகிறது, அதனால்தான் ஆபத்து. உடல் சில வாரங்களில் அதற்குப் பழகிவிடும். நிறுத்தினால் முன்னைவிட மோசமான பதற்றம் திரும்பும். அது 2014 முதல் எச்1 அட்டவணையில் இருக்கிறது, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் "அந்த அக்கா சாப்பிடுறாங்களாம்" என்று வீட்டுக்கு வீடு அது கைமாறுகிறது. ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் இங்கே இருந்தால், இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரோடு சேர்ந்து மெல்ல மெல்லக் குறையுங்கள்.

யோகாவும் நடையும் தூக்கத்துக்கும் மனத்துக்கும் நல்லவை. சூட்டை அவை குறைப்பதாகச் சான்று வலுவாக இல்லை. மதியத்துக்குப் பிறகு காபியை விட்டால் இரவுப் படபடப்பு பலருக்குக் குறைகிறது. உளுந்தங்களி சாப்பிடட்டுமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. சிகிச்சைக்கு மாற்றாக வைக்காதீர்கள், அவ்வளவே.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த வயதில் பெண்ணின் தலைமேல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன: மகளின் திருமணம், மகனின் பன்னிரண்டாம் வகுப்பு, பெற்றோரின் நோய், வேலையிடத்தில் இளையவர்களோடு போட்டி. திருப்பூரில் தைப்பவருக்கும் பள்ளியில் கற்பிப்பவருக்கும், ரத்தப்போக்கு மிகுந்த நாளில் ஒரு சுத்தமான கழிப்பறை எட்டும் தூரத்தில் இல்லை என்பதே பெரும் பதற்றம். தாம்பத்தியம் வலியாகிவிட்டது என்பதைச் சொல்ல முடியாமல், இரவு வருவதற்கே அஞ்சும் மனைவிகள் உண்டு. அந்த வறட்சிக்கு எளிய க்ரீம் சிகிச்சை இருக்கிறது என்று கணவர்களுக்குத் தெரிவதில்லை. மனைவியோடு ஒருமுறை மருத்துவரிடம் வாருங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்.

அரசுக்கும் மருத்துவத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நாற்பது முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள பெண்ணிடம் அவர்கள் இன்னும் நான்கைக் கேட்கலாம்: காரணமில்லாத எரிச்சல் உண்டா, மனம் இறுகிக் கிடக்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, காரணம் தெரியாத பயம் வருகிறதா? அதோடு, இரவில் வியர்த்து விழிக்கிறீர்களா என்றும் ஒரு கேள்வி. ஆம் என்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்து, பிறகு மாவட்ட மனநலத் திட்டத்தோடு இணைக்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம். மைரா ஹன்ட்டரின் முறையைத் தழுவிய தமிழ்க் கையேடு ஒன்று வேண்டும்; இந்த அரங்கில் இருக்கும் உளவியல் மாணவியர் அதை எழுதத் தொடங்கலாம், சரிபார்த்துத் தர நான் தயார். இரவில் தாங்க முடியாத தவிப்பு வந்தால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கடைசியாக, மருத்துவரிடம் போக நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. ஒரு சின்ன நோட்டில், மாதவிடாய் வந்த தேதி, இரவில் விழித்த நேரம், சூடு ஏறிய நேரம், படபடப்பு வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை மட்டும் எழுதி வாருங்கள். எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டு எடுத்து வாருங்கள். இரண்டு மூன்று மாதக் குறிப்பு இருந்தால், ஹார்மோனில் தொடங்குவதா, பேச்சுச் சிகிச்சையில் தொடங்குவதா, முதலில் தைராய்டைப் பார்ப்பதா என்பதை முதல் சந்திப்பிலேயே முடிவு செய்ய முடியும். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். பெயர் சொல்ல விரும்பாதவர்கள் சீட்டில் எழுதி அனுப்பினாலும் போதும்.